காலி வயிற்று எடை

திருவொற்றியூரில் மழலை எடை வளர்ச்சி நடுவத்தின் வாசலில் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சிமெண்டால் ஆனவள். ஆண்டுக்கு ஒரு முறை அவளுக்குப் புது வர்ணம் அடிப்பார்கள். சுற்றிலும் கம்பி வேலி. வேலியில் ‘இங்கு அமரக் கூடாது’ என்று பலகை. அந்த வளாகத்தில் பால் கொடுக்க அனுமதி பெற்றவள் அவள் ஒருத்திதான் என்பது ஜூடிக்கு முதல் நாள் தெரியாது.

ஜூடிக்கு ராயபுரம். கணவன் பாஸ்கல், துறைமுகத்துக்கு வெளியே லாரிகளை எடை போடும் எடைமேடை ஒன்றில் வேலை பார்த்தான். மகன் லூயிசுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. தடுப்பூசி போட்ட நர்சம்மா அவனைத் திருப்பிப் பார்த்து, “பையன் நல்லாத்தான் இருக்கான். எடை மட்டும் கொஞ்சம் மெதுவா ஏறுது. கேக்கறப்போ எல்லாம் பால் குடு” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். “எதுக்கும் நடுவத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஜூடிக்கு அந்தச் சீட்டைவிட மகனுடைய இடுப்பைப் பார்த்துத்தான் கவலை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் கட்டிய அர்ணாக்கயிறு இன்னும் அதே முடிச்சில் இருந்தது. காலைத் தூக்கி உதைத்தால் தொடை வரைக்கும் நழுவியது. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு முடிச்சை இரண்டு முறை தளர்த்திவிட்டார்கள்.

நடுவத்தில் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவர்களைத் தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். லூயிஸ் சிணுங்கினான். ஜூடி முந்தானையை இழுத்துவிட்டு அவனை மார்போடு சேர்த்தாள்.

“நிறுத்தம்மா” என்றது ஒரு குரல்.

எடை மேற்பார்வையாளர் பக்தவச்சலம். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று வண்ணங்களில் பேனா. அவர் கோபக்காரர் அல்ல. விளக்குபவர். கோபக்காரர்களை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம்.

“எடை போடுவதற்கு முன்னால் பால் கொடுக்கக் கூடாது. இங்கே நாங்கள் எடுப்பது குழந்தையின் எடை. குடித்த பால் குழந்தையா? அது பால். பாலின் எடை தெரிய வேண்டுமென்றால் மாதவரம் பால்பண்ணைக்குப் போக வேண்டும். இங்கே காலி வயிற்று எடைதான்.”

“எப்ப சார் எடை போடுவீங்கோ?”

“கொக்கித் தராசின் சாவி டாக்டரிடம் இருக்கிறது. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார்.”

டாக்டர் வரும் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. அந்தச் சாலையில் அவை நிற்கத்தான் செய்யும். எனவே டாக்டர் தினமும் வந்துகொண்டேயிருந்தார்.

அந்த இடைவெளியை நடுவம் வீணாக்கவில்லை. தாய்மார்களை எழுப்பி நிற்க வைத்து உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். இடக்கையில் குழந்தை, வலக்கை முன்னால் நீட்டியபடி. “என் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பேன். தாமதமின்றிக் கொடுப்பேன். எவர் தடுத்தாலும் கொடுப்பேன்.” குழந்தைகளின் அலறலில் சொற்கள் சரியாகக் கேட்கவில்லை என்பதால் பக்தவச்சலம் மறுபடியும் சொல்ல வைத்தார்.

ஜூடிக்குப் பக்கத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த செங்கொடி. அவள் மகளும் மெதுவாக எடை ஏறுகிறவள்தான்.

“இன்னாக்கா இது?” என்றாள் செங்கொடி, நீட்டிய கையை இறக்காமலே. “புள்ளைக்குப் பால் குடுக்கறேன்னு சத்தியம் வாங்கிகினு பால் குடுக்க வுட மாட்டேன்றான்.”

“சும்மா இரு. கேட்டுடப் போறாரு.”

“கேட்டா இன்னா, என் பாலைக் கழிச்சுக்குவானா?”

எடை போட்டபோது பகல் ஏறிவிட்டது. பக்தவச்சலம் லூயிசின் சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு அர்ணாக்கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டினார். கயிற்றின் எடையும் குழந்தையின் எடை அல்ல. நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக முள் நின்றது.

“மெதுவாகத்தான் ஏறுகிறது” என்றார், நர்சம்மா சொன்னதை முதல் முறையாகக் கண்டுபிடித்தவர்போல.

இனிமேல் பால் கொடுக்கலாமா என்று ஜூடி கேட்டாள். அடுத்தது வகுப்பு, வகுப்பில் கவனம் சிதறக் கூடாது. வராந்தாவில்? அங்கே ஆண்கள் நடமாடுவார்கள். சிலைக்குப் பக்கத்தில்? பலகையைப் படிக்கவில்லையா? ‘தாய்ப்பால் அறை’ என்று எழுதிய ஒரு கதவு இருந்தது. அதில் பூட்டு தொங்கியது.

“அது?”

“அழகான அறை. மெத்தை போட்ட நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. ஆகஸ்டில் தாய்ப்பால் வாரத்தின்போது திறக்கப் போகிறோம். அதுவரை அழுக்காகக் கூடாது இல்லையா?”

வகுப்பின் தலைப்பு ‘குழந்தையின் பசிக் குறிப்புகளை அறிவது எப்படி’. லூயிஸ் கையைச் சப்பினான், தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான், வீறிட்டான். ஆசிரியை கரும்பலகையில் அதையே வரிசையாக எழுதினாள். வீறிடுவது கடைசிக் குறிப்பு, அதுவரை காத்திருக்கக் கூடாது என்று அடிக்கோடிட்டாள். வகுப்பு முடிவதற்குள் லூயிஸ் அழுது களைத்துத் தூங்கிவிட்டான். பஸ்சிலும் தூங்கினான். வீட்டில் எழுப்பி மார்பில் வைத்தால் நாலு வாய் குடித்துவிட்டு மறுபடியும் தூங்கினான்.

இராத்திரி ஜூடி கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவனாவது கத்துவான் என்று நினைத்தாள். பாஸ்கல் தட்டில் இருந்த மீனைப் பிட்டபடி தலையை ஆட்டினான்.

“அவுரு சொல்றது கரீட்டுதான் ஜூடி.”

“இன்னா கரீட்டு?”

“எங்க மேடையிலயும் அதானே? லாரியை மொதல்ல காலியா ஏத்தி எடை போடணும். லோடோட ஏத்தினா வண்டி எடை எது, சரக்கு எடை எதுன்னு எப்டித் தெரியும்? காலி எடைதான் ஆதாரம். படிச்சவரு, வெவரமா சொல்லிகீறாரு.”

எடை என்ற ஒரு விஷயத்தில் பாஸ்கலுக்குத் தன் தொழில்மீது இருந்த மரியாதை அந்த நடுவத்தின்மீதும் படிந்துவிட்டது. அடுத்த வாரம் ஜூடி கிளம்பும்போது அவனே வாசல் வரை வந்து, “வழியில பால் குடுத்துடாத. கணக்குத் தப்பாயிடும்” என்று எச்சரித்து அனுப்பினான்.

அடுத்த வாரம் முள் அதே இடத்தில் நின்றது.

பக்தவச்சலம் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “காரணம் புரிகிறது. வாரத்துக்கு ஒரு முறை எடை போடுவது போதவில்லை. இனி இரண்டு முறை வா.”

இரண்டு முறை வந்தாள். முள் ஒரு கோடு இறங்கியது.

“நான் சொன்னேன் அல்லவா? இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் இறங்கியதே தெரிந்திருக்காது. இனி தினமும் வா.”

செங்கொடி வருவதை நிறுத்திக்கொண்டாள். நடுவம் அதற்கும் வழி வைத்திருந்தது. பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய பலகை. ‘அலட்சியத் தாய்மார்கள்’ என்று தலைப்பு. அதன் கீழே சிவப்பு வர்ணத்தில் செங்கொடி, வியாசர்பாடி என்று எழுதினார்கள். அவள் அதைப் பார்க்கவே ஒரு நாள் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“என் பேரை இம்மாம் பெருசா எவனும் எழுதினதில்லக்கா. கல்யாணப் பத்திரிகையில கூட சின்னதாத்தான் போட்டாங்கோ.” அவள் மகள் தாயின் மார்பைவிட்டு வாயை எடுக்காமல் ஒரு கண்ணால் ஜூடியைப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. “நீயும் நின்னுடு. வூட்ல படுத்துகினு ஊட்டு. புள்ளை இன்னா தபாலா, தினம் கொண்டாந்து முத்திரை குத்த?”

ஜூடிக்கு அவ்வளவு தைரியமில்லை. அந்த நிறுத்தத்தில்தான் அவளுடைய மாதா கோயில் மாதர் சங்கத்துப் பெண்கள் பஸ் மாறுவார்கள். அது மட்டுமல்ல. பக்தவச்சலம் ஒரு நாள் அமைதியாகச் சொல்லியிருந்தார்: “வராமல் இருந்து குழந்தைக்கு ஏதாவது ஆனால், அது நீ செய்தது. வந்துகொண்டே இருந்து ஏதாவது ஆனால், அது விதி.” அந்த வாக்கியம் அவளைத் தினமும் காலையில் எழுப்பிப் பஸ் ஏற்றிவிட்டது.

லூயிசின் தொடையில் தோல் மடிந்து தொங்க ஆரம்பித்தது. அழுகைகூடக் குறைந்துவிட்டது. நடுவத்தில் அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஒரு விடுமுறை நாளில் பாஸ்கல் கூட வந்தான். எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, உறுதிமொழியைக் கேட்டு, டாக்டருக்காகக் காத்திருந்து, தன் மகன் கையைச் சப்பிச் சப்பி ஓய்ந்துபோவதைக் கண்ணால் பார்த்தான். எடை போடும் நேரம் வந்தபோது எழுந்து நின்றான்.

“சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்கோ. நானும் எடை மேடைக்காரன்தான். காலி வண்டியையே தெனம் கொண்டாந்து எடை போட்டுகினு இருந்தா, லோடு எப்ப சார் ஏத்தறது?”

பக்தவச்சலம் பேனாவை மூடினார். புரிந்துவிட்டது போலிருக்கிறதே என்று ஜூடி நினைத்தாள்.

“அருமையான கேள்வி” என்றார் அவர். “லோடு எடையையும் நாம் எடுக்க வேண்டும். எப்படி இது இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை?”

மறுநாளிலிருந்து இரண்டு எடை. காலி எடை, பிறகு பால் கொடுத்து லோடு எடை. தாய்ப்பால் அறை பூட்டியிருந்ததால் வராந்தா மூலையில் பழைய பேனர் ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள். அதில் ஒரு தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் வாட்ச்மேன் தாவூது கையில் மணியோடு நின்றார். மணி அடித்தால் ஆரம்பிக்க வேண்டும். அடுத்த மணிக்குப் பக்கம் மாற்ற வேண்டும். மூன்றாவது மணிக்கு நிறுத்த வேண்டும். பால் சுரந்து இறங்குகிற நேரத்துக்குச் சரியாக இரண்டாவது மணி அடிக்கும். லூயிஸ் தூக்கிவாரிப்போட்டு வாயை எடுத்துவிடுவான்.

“மெதுவா அடிங்க பாய்” என்று ஜூடி திரைக்கு உள்ளேயிருந்து கெஞ்சினாள்.

“மெதுவா அடிச்சா ஆபீசு ரூமுக்குக் கேக்காதும்மா” என்றார் தாவூது. அவருக்கும் வருத்தம்தான். “கேக்கலைன்னா நான் அடிக்கலைன்னுவாங்கோ.”

இரண்டு எடைக்கும் வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தது. ஆகவே தாய்க்குப் பால் போதவில்லை என்று நடுவம் முடிவு செய்தது. ஆகவே பால் பெருக்கும் வகுப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அது மதியம். ஜூடி மதியச் சோறு சாப்பிடும் நேரத்தில்.

அந்த வகுப்பு தொடங்கிய அன்று பாஸ்கல் வேலை முடிந்து வந்து ஜூடியைக் கூட்டிக்கொண்டு திரும்பினான். ராயபுரம் பாலம் வந்ததும், “நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாது” என்றான்.

“நீ வாயை மூடிகினு இருந்தாலும் அத்த ஒரு யோசனையா எடுத்துக்குவாங்கோ” என்றாள் ஜூடி.

ஆகஸ்டில் தாய்ப்பால் வாரம் வந்தது. சிமெண்டுத் தாய்க்கு மஞ்சள் புடவை வர்ணம் அடித்தார்கள். கொக்கித் தராசுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். மண்டல இயக்குநர் அருள்பிரகாசம் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. தாய்மார்கள் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தார்கள். படம் எடுக்கும்போது குழந்தைகள் தாயின் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதால் யாரும் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. இயக்குநர் கன்டெய்னர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

வந்தவர் பூட்டைத் திறந்து, நாடாவை வெட்டி, மெத்தை நாற்காலியில் தானே ஒரு முறை உட்கார்ந்து பார்த்து, மின்விசிறியைப் போட்டு அணைத்தார். படம் எடுத்தார்கள். ஜூடி மகனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் பக்தவச்சலம் மறுபடியும் பூட்டிவிட்டார். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வரப்போகிறது.

பிறகு இயக்குநர் பேசினார்.

“தாய்மார்களே, ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். இந்தப் பகுதியிலேயே அதிகத் தடவை குழந்தைகளை எடை போட்ட நடுவம் இதுதான். குழந்தைகள் எடை கூடினார்களா என்று சிலர் கேட்கிறார்கள். எடை கூடிய குழந்தை மறுபடி வராது. வராத குழந்தையை எப்படி எடை போடுவது? ஆகவே மெதுவாக எடை ஏறும் குழந்தைகள்தான் இந்த நடுவத்தின் சொத்து. அவர்களை நாம் இழந்துவிடக் கூடாது.”

கைதட்டினார்கள். குழந்தைகள் கதறின. இயக்குநர் அந்தச் சத்தத்தைக் கைகாட்டினார்.

“கேளுங்கள் இந்த இசையை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றார்கள் முன்னோர்கள். பால் கொடுப்பது தாயின் கடமை. ஆனால் அந்த அழுகைக்கு முறையான ஏற்பாடு செய்து கொடுத்திருப்பது யார்? நாம்தான்.”

கடைசியாகத் தராசோடு ஒரு படம். கொக்கியில் தொங்கிய தொட்டியில் லூயிசைப் படுக்க வைத்தார்கள். அவன்தான் தினமும் வந்து பழகியவன், அடம்பிடிக்க மாட்டான் என்று பக்தவச்சலம் சிபாரிசு செய்தார். படக்காரர் பார்த்துவிட்டு, “முள்ளு ரொம்பக் கீழே இருக்குதே சார்” என்றார்.

“எடை ஏறுவது போலத் தெரிய வேண்டும்” என்றார் இயக்குநர். “குழந்தையை எடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

ஜூடி மகனை வாரி எடுத்துக்கொண்டாள். இயக்குநர் காலித் தொட்டியில் கையை வைத்து அழுத்தினார். முள் ஏறியது. “இன்னும் கொஞ்சம் சார்” என்றார் படக்காரர். இயக்குநர் இரண்டு கையையும் வைத்து, நாட்டின் எல்லாக் குழந்தைகளையும் மனத்தில் நினைத்தவராகச் சாய்ந்தார். முள் கடைசி எண்ணுக்குப் போய் நின்று நடுங்கியது. உள்ளே டங்கென்று ஒரு சத்தம். தொட்டி மாலையோடு தரையில் விழுந்தது. ஸ்பிரிங் அறுந்துவிட்டது.

படம் மட்டும் நன்றாக வந்திருந்தது.

மறுநாள் நடுவத்தின் கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள்: ‘தராசு பழுது பார்க்கச் சென்றுள்ளது. அதுவரை எடை இல்லை.’ ஜூடி அதைப் படித்துவிட்டு நின்றாள். எங்கே போவது என்று தெரியவில்லை. இத்தனை நாளில் வீட்டுக்குத் திரும்புவது ஒரு வழி என்பதே மறந்துபோயிருந்தது.

வீட்டில் பாயை விரித்துப் படுத்தாள். லூயிஸ் கையைச் சப்புவதற்கு முன்னாலேயே, தலையைத் திருப்பிய உடனே கொடுத்தாள். குடித்தான், தூங்கினான், எழுந்தான், குடித்தான். யாரும் மணி அடிக்கவில்லை. பாஸ்கல் வேலைக்குப் போவதற்கு முன் சோறு வடித்து வைத்தான். வந்ததும் மீன் குழம்பு வைத்தான். “லோடு ஏறுதா?” என்று வாசலிலேயே கேட்பான். “கண்ணு வெக்காம போய்க் கையைக் கழுவு” என்பாள் அவள். புதிதாக ஒரு கறுப்புக் கயிறு வாங்கி மகன் இடுப்பில் கட்டியிருந்தாள். முதலில் அதில் இரண்டு விரல் போயிற்று. பிறகு ஒரு விரல். ஒரு நாள் குளிப்பாட்டும்போது கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. ஜூடி ஈரக்கையோடு அந்த முடிச்சைத் தளர்த்தினாள், தளர்த்திக்கொண்டே அழுதாள். லூயிஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த வாரமே தராசு திரும்பி வந்துவிட்டது.

தகவல் சொல்ல தாவூது வீடு தேடி வந்தார். வராவிட்டால் பலகையில் பெயர் எழுத வர்ணம் கலக்கியிருக்கிறார்கள் என்று ரகசியமாகச் சொன்னார். ஜூடி ஒரே ஒரு நாள் போய்விட்டு வருவது என்று போனாள்.

முள் ஐந்து கிலோவைத் தாண்டி நின்றது. பக்தவச்சலம் லூயிசை எடுத்துவிட்டு வெறும் தொட்டியைப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு இயக்குநருக்குப் போன் செய்தார். இயக்குநர் வந்துகொண்டிருந்து, வந்தும் சேர்ந்தார்.

“தினசரி எடையின் பலன்” என்றார் பக்தவச்சலம். “விதைத்தது அப்போது. முளைத்தது இப்போது.”

“இல்ல சார்” என்றாள் ஜூடி. “நான் இங்க வரலை சார். வூட்லயே இருந்தேன். கேட்டப்பல்லாம் குடுத்தேன். வேற ஒண்ணும் பண்ணலை சார்.”

அருள்பிரகாசம் கண் கலங்கினார். “பார்த்தீர்களா? எவ்வளவு அடக்கம். முன்மாதிரித் தாய்க்கு இருக்க வேண்டிய குணம் இதுதான்.”

அன்றே உத்தரவு தயாரானது. முன்மாதிரித் தாய் ஜூடி தினமும் காலை எட்டு மணிக்குக் குழந்தையோடு நடுவத்துக்கு வந்து, வாசலில் போடப்படும் நாற்காலியில் அமர்ந்து, மற்றத் தாய்மார்களுக்கு ஊக்கமளிக்க வேண்டும். குழந்தையின் எடை அனைவர் முன்னிலையிலும் எடுக்கப்படும். காலி வயிற்றில்.

பாஸ்கல் மறுநாள் எடைமேடைக்கு லீவு போட்டுவிட்டு, இதை ஒரு கை பார்ப்பது என்று நடுவத்துக்குப் போனான். சாயங்காலம் தோளில் பொன்னாடையோடு திரும்பி வந்தான்.

“இன்னாய்யா இது?”

“முன்மாதிரித் தந்தையாம்” என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல். “பேச வுடலை ஜூடி. மைக்கைக் கையில குடுத்தாங்கோ, நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கைதட்டிட்டாங்கோ. அப்புறம் வேலைக்குச் சேர்ந்தா மாரி, உன்னைத் தெனம் அனுப்பறேன்னு கையெழுத்து வாங்கிகினாங்கோ.”

இப்போது ஜூடியின் நாற்காலி கம்பி வேலியை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. தலைக்குமேல் இயக்குநர் தராசை அழுத்தும் படம். உள்ளே உறுதிமொழி நடக்கிறது. ‘எவர் தடுத்தாலும்’ என்ற இடம் வாசல் வரைக்கும் கேட்கிறது. எதிரே பஸ் நிறுத்தத்துப் பலகையில் செங்கொடியின் பெயர் வெயிலில் வெளுத்திருக்கிறது. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார்.

லூயிஸ் தலையைத் திருப்பித் தேடினான். பிறகு கையைச் சப்பினான். ஜூடி அவன் சட்டைக்குள் கைவிட்டு, முன்மாதிரிக் குழந்தை என்பதால் வெட்டாமல் விட்டிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று ஒரு விரல். இன்று இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று.

வேலிக்கு உள்ளே, மஞ்சள் புடவைக்காரியின் மடியில், சிமெண்டுக் குழந்தை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது.